ஹெல்மெட் தொங்கிய மத்தியானங்கள்

வாசல் கதவின் கொண்டியில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று அர்த்தம். நெய்வேலி டவுன்ஷிப்பில் புஷ்பவல்லி குடியிருந்த தெருவில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீரைக்காரி அந்த வாசலைத் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டாள். கூரியர் பையன் மணி அடிக்காமல் பொட்டலத்தை மாமரத்தடியில் வைத்துவிட்டுப் போனில் கூப்பிடுவான், அதையும் கிசுகிசுப்பாக. நைட் ஷிப்ட் பார்த்து வந்தவரின் பகல் தூக்கத்துக்குத் தெருவே பாய் விரித்துக் கொடுத்தது.

ஹெல்மெட் சோமசுந்தரத்துடையது. சுரங்கத்தில் கன்வேயர் வேலை. முப்பத்திரண்டு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஓடுகிற பெல்ட்டை. வெட்டிய பழுப்புக் கரி அதில் ஏறி, இருட்டில் வெகுதூரம் நகர்ந்து, மின் நிலையத்துக்குப் போகும். நைட் ஷிப்ட் வாரங்களில் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, பழைய பேப்பர் ஒட்டிய ஜன்னல்களுக்கு நடுவே படுத்தாரானால் மூன்று மணிவரை அசைய மாட்டார்.

அந்த நேரத்து வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கும். பேப்பரில் வடிகட்டி வருகிற வெயிலுக்கு டீயின் நிறம். ஃபேன் சுற்றும். எங்கோ தூரத்தில் சுரங்கத்து இயந்திரங்கள் முனகுவது கேட்கும். கேட்கிறதா, கேட்பதாக நினைத்துக்கொள்கிறோமா என்பது புஷ்பவல்லிக்கு இத்தனை வருஷத்தில் தீரவில்லை. மிக்ஸி போட முடியாது. துணி துவைக்க முடியாது. கல்யாணமான புதிதில் தையல் மிஷின் வாங்கினாள். அதன் சத்தத்தில் அவர் இரண்டு நாள் தூங்காமல் வேலைக்குப் போனதைப் பார்த்து விற்றுவிட்டாள். அதன்பிறகு அவள் கைக்கு வந்து சேர்ந்த வேலைகள் எல்லாமே சத்தமில்லாதவை.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய டார்ச் எரியாமல் போனது. ஒரு மத்தியானம் அதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. இருபது நாள் யோசித்து ஒரு பற்றவைப்புக் கோல் வாங்கினாள். ஈயம் உருகும்போது சத்தமே வராது, ஒரு நூல் புகை மட்டும் எழும். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டு டார்ச் வந்தது, அடுத்த தெரு எமர்ஜென்சி விளக்கு வந்தது, பிறகு தெருப் பிள்ளைகளின் பொம்மைக் கார்கள். பிளாக்கில் அவள் பெயர் டார்ச் அக்கா என்றானது. ஐம்பத்திரண்டு வயதிலும் அப்படித்தான்.

செப்டம்பரோடு சோமசுந்தரத்துக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குறிஞ்சிப்பாடியில் ஒரு சின்ன வீடு வாங்கியாயிற்று. வேப்பமரம், நல்ல கிணறு, பஸ் ஸ்டாண்டு பக்கம். எல்லாம் சரிதான். ஆனால் அங்கே யாருக்கும் அவள் டார்ச் அக்கா இல்லை. பிளாக்கை விட்டால் அந்தப் பெயர் கூட வராது. ஜூலையில் ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்: இன்னும் மூன்று நைட் ஷிப்ட் வாரங்கள்தான் அவள் கையில் இருந்தன.

அந்த வாரம்தான் பின்தெரு கமர் நிஷா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சைபுல்லாவுக்குக் குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் ஸ்பிரேயர் கடை. வயலுக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொள்வார்களே, அந்த பேட்டரி ஸ்பிரேயர்.

"டப்பா நல்லாத்தான் இருக்குது அக்கா. உள்ள இருக்கிற பேட்டரிதான் ஒரு வருசத்துல உசுர வுட்டுடுது. நாப்பது செத்த பேட்டரி கடையில கெடக்குது. செல்லு மாத்தணும். சும்மா ஈயம் வெச்சி ஒட்டுனா சூட்டுலயே புது செல்லும் கெட்டுப்பூடுது. ஒரு மிஷின் இருக்குதாமே?"

"ஸ்பாட் வெல்டர்" என்றாள் புஷ்பவல்லி. அதை அவள் போனில் பலமுறை பார்த்திருந்தாள். ஒரு பொட்டு அளவு இடத்தில், கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் கரன்ட்டைப் பாய்ச்சும். அந்த இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் கையால் தொடலாம்போல் குளிர்ந்தே இருக்கும்.

"நீங்க பண்ணுவீங்கன்னா சொல்லுங்க. கடையில ஒரு மேசை போட்டுத் தர்றேன். எப்பிடியும் எங்க ஊருக்குத்தானே வரப்போறீங்க?"

அவர்கள் போன பிறகு புஷ்பவல்லி அந்த 'மேசை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவளுக்கு மேசை இருந்ததில்லை. முன்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் விரித்த ஒரு பழைய போர்வைதான் அவளுடைய பட்டறை.

மிஷினாகவே வாங்கலாம், விலை அதிகம். உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொள்கிற கிட் ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் வேலையிலிருந்த மகள் ஹரிணிதான் ஆர்டர் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, மத்த அம்மாங்க எல்லாம் ஏர் ஃபிரையர் கேக்குறாங்க."

"அதுவும் ரிப்பேராகி என்கிட்டதான் வருது. நீ போடு."

பெட்டி வந்த நாள் சோமசுந்தரம் விழித்திருந்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது: செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், எண் போட்ட திருகி ஒன்று வைத்த சின்ன போர்டு, காலால் மிதிக்கும் சுவிட்ச், விரல் தடிமனில் கறுப்புக் கேபிள், பேனா போல இரண்டு செம்பு முனைகள்.

"ஏளா, வீட்டுக்குள்ள சப்-ஸ்டேஷன் கட்டப் போறியா?"

"செல்லு ஒட்டுறதுக்குங்க."

"எங்க ஒர்க்‌ஷாப்புல வெல்டிங்னா ரெண்டு ஆளு, ஒரு பெர்மிட், ஒரு மணல் பக்கெட் வேணும்."

"பக்கெட் பாத்ரூம்ல இருக்கு. பெர்மிட்டை நீங்க குடுங்க."

"குடுத்தாச்சு. என் தலமாட்டுல மட்டும் வைக்காத" என்றவர், மாலை வெளியே போய்ப் பக்கெட் நிறைய மணலோடு வந்தார்.

கதவில் ஹெல்மெட் ஏறியது. அவள் போர்வையை விரித்தாள்.

முதல் மத்தியானம் முழுக்க அந்தக் கேபிளோடு போயிற்று. டிரான்ஸ்பார்மரின் நடுவே இருக்கிற சந்தில் அதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சந்தோ குறுகல், கேபிளோ முரட்டு விரால்மீன்போல வளையாமல் திமிறியது. முனகக்கூட முடியாது, உள்ளறையில் அவர் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்துபோய் முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து வந்து கேபிள் மேல் பூசினாள். சரசரவென்று உள்ளே போயிற்று. அறை முழுக்க மல்லிகை வாசனை. டிரான்ஸ்பார்மர் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் இருந்தது.

இரண்டாம் மத்தியானம் போர்டை மாட்டினாள். மூன்றாவது மத்தியானம் எல்லா இணைப்பையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்துவிட்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பிளக்கைச் செருகினாள். பழைய செல் ஒன்றின் தலையில், செல்களை இணைக்கிற நிக்கல் பட்டையை வைத்து, இரண்டு செம்பு முனைகளையும் அழுத்திப் பிடித்து, கால் சுவிட்சை மிதித்தாள்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பல்லி வாலை அசைத்த மாதிரி. முனைகளின் அடியில் ஒரு துளி நீலம் பூத்து, கண் அதைப் பிடிப்பதற்குள் போய்விட்டது. பட்டையில் கடுகளவு இரண்டு புள்ளிகள். அவள் குறடால் பட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலம்கொண்டு இழுத்தாள். பட்டை கிழிந்துகொண்டு வந்தது. புள்ளி இரண்டும் செல்லிலேயே இருந்தன. அதுதான் அடையாளம் என்று படித்திருந்தாள். ஒட்டு நன்றாக இருந்தால் தகடு கிழியும், புள்ளி பிரியாது.

திருகியில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள், கரன்ட் எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்பதற்கு. இரண்டில் வைத்தால் ஒட்டு இளகியது. நான்கில் பட்டை பொத்தலாயிற்று. மூன்றுதான் சரி. மூன்றுக்கு நேராக நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

அந்த வார மத்தியானங்கள் ஒன்றோடொன்று கரைந்துபோயின. டிக், டிக் என்று புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் கோலத்துக்கு வைக்கிற புள்ளிபோலத்தான், ஆனால் இதைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டியதில்லை. வைத்துக்கொண்டிருக்கையில் மனசு எங்கெங்கோ போகும். நேற்று ராத்திரி அவர் பெல்ட்டில் ஏற்றிவிட்ட கரி இந்நேரம் எரிந்து முடிந்திருக்கும். அது கரன்ட்டாகி, கம்பிகளில் ஏறி, யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி, தெருக்கோடிக் கம்பத்தில் இறங்கி, இந்தச் சுவர் வழியாக அவள் கைக்கு வருகிறது. அவர் ராத்திரி அனுப்பியதை அவள் பகலில் வாங்கிக்கொள்கிறாள். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளாத வாரங்களில்கூட இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. உள்ளே அவர் புரண்டு படுத்தார். அவள் பெடலை மிதித்தாள். டிக்.

பன்னிரண்டு செல்களை அடுக்கி முதல் பேட்டரியை முடித்தாள். அது இரவு முழுவதும் ஒரு விளக்கை எரித்தது.

அடுத்த நைட் ஷிப்ட் வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மிஷினைப் போர்வையில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினாள். கடைக்குப் போய்ச் சேரும்போது நாலரை மணி. சைபுல்லா கல்லா மேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே ஸ்பிரேயரோடு உட்கார்ந்திருந்தார் பழனிசாமி என்ற நெல் விவசாயி. பச்சைத் துண்டும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, பார்க்கிற எதையும் தொட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்கிற ஆள்.

"இன்னா தாயி, கரன்ட்டால ஒட்டிக்கினு நிக்குமா இது?"

"நிக்கும்ங்க. இழுத்தே பாருங்க" என்றாள் புஷ்பவல்லி. சிவப்புப் பொட்டுக்குத் திருகியை வைத்து, மிதித்து, செல்லை அவர் கையில் கொடுத்தாள்.

பழனிசாமி பட்டையின் நுனியை நகத்தால் கிள்ளி இழுத்தார். அப்படியே கையோடு வந்துவிட்டது.

"அட! எம் பொண்டாட்டி கண்ணாடியில ஒட்டி வெச்ச ஸ்டிக்கர் பொட்டு மாதிரி வந்துகினு கீதே!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் புஷ்பவல்லிக்குக் காது சூடேறியது. முனைகளைத் துடைத்து, இன்னும் அழுத்திப் பிடித்து, மறுபடி மிதித்தாள். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை பழனிசாமி இழுக்கக்கூட இல்லை, பட்டை தானாகவே சரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் மேலே பார்த்தாள். கடை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கையில் நூலாம்படை ஒட்டியிருந்தது.

சைபுல்லா மரியாதையான மனிதர். "பரவாயில்ல அக்கா. மொத மொத அப்பிடித்தான்" என்றார். பிறகு கல்லாவைச் சரிசெய்தபடி, "சனிக்கிழம சாயந்திரம் பண்ருட்டிக்கு ஒரு வண்டி போவுது. அங்க ஒரு ஆள் இருக்கான், நாப்பதையும் அவன்ட்ட குடுத்துடலாம்னு பாக்குறேன். அதுக்குள்ள உங்களுக்குக் கை கூடிச்சின்னா வாங்க" என்றார்.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. பஸ்ஸில் மடியில் கிடந்த மிஷின் வரும்போது இருந்ததைவிடக் கனத்தது. தன் கைதான் பிசகியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். யாருமில்லாத அறையில் வைத்த புள்ளிகள்தான் நிற்கும்போல. நான்கு பேர் பார்க்க ஒன்று செய்வதற்கு இனிமேல் பழக முடியுமா?

புதன்கிழமை ஹெல்மெட் தொங்கியது. அவள் போர்வையை விரிக்கவில்லை. அவர் தூங்குகிற அறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தாள். டீ நிற வெளிச்சத்தில் மேலே ஃபேன் சுற்றியது. சுற்றுவதே தெரியவில்லை, புகையில் செய்த தட்டுபோல நின்றது. தூக்கம் கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது. அதன் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. இந்த ஃபேனுக்கு எத்தனை இறக்கை? மூன்று. தெரியும், ஆனால் பார்த்து எண்ண முடியவில்லை. நேற்றுப் பார்த்த ஃபேனில் எண்ண முடிந்தது. ஒன்று, இரண்டு, நூலாம்படை ஒட்டிய மூன்றாவது. ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் நூலாம்படையைப் பார்த்திருக்கிறாள்.

புஷ்பவல்லி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

டார்ச் வேலைக்காக வைத்திருந்த மீட்டர் அவளிடம் இருந்தது. செல்லில் வைப்பாள், விளக்கில் வைப்பாள். சுவரில் ஒருநாளும் வைத்ததில்லை. வைத்துப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? கரன்ட் கரன்ட்தானே. முப்பது வருஷமாக அது குழாயடித் தண்ணீரைவிட நிச்சயமாக வந்துகொண்டிருந்தது. முட்டி போட்டு, சுவர் பிளக்கின் துளைகளில் மீட்டரின் கம்பிகளைச் செருகினாள். இருநூற்று முப்பத்தாறு.

மூன்று மணிக்குச் சோமசுந்தரம் விழித்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, குறிஞ்சிப்பாடில எத்தன வோல்ட்டு இருக்கும்?"

"இதென்ன கேள்வி?" தூக்கம் கலையாத கண்களோடு யோசித்தார். "வீடு வாங்குறப்ப மரத்தப் பாத்தோம், கிணத்தப் பாத்தோம். கரன்ட்ட யாரு பாத்தா?"

"கடை ஃபேன் மெதுவா ஓடுச்சு. இறக்கைய எண்ணலாம்."

"சாயங்காலம் சுத்துப்பட்டு மோட்டார் எல்லாம் ஓடும்லா. இழுத்திருக்கும்." ஒரு வாய் டீ குடித்தார். "நான் அனுப்புனது என்னமோ முழுசாத்தான் அனுப்புனேன்."

"வழியில ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப உன் கை சரியாத்தான் இருக்கு" என்றார். அவள் அதை அவரிடம் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டைத் தானே கொண்டியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். கடைக்குப் போகவில்லை. பூட்டிக் கிடந்த புது வீட்டைத் திறந்தாள். சுண்ணாம்பு வாசனை. பாயில்லை, நாற்காலியில்லை. வேப்பமரத்து நிழல் ஜன்னல் வழியாகத் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. போர்வையை விரித்து, சுவரில் மீட்டரைச் செருகி, எதிரே மிஷினை வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு இருநூற்றுப் பத்து. இரண்டு மணிக்கு இருநூற்று இரண்டு. நாலு மணிக்கு மேல் நூற்று எண்பத்தெட்டு. எண் இறங்க இறங்கத் திருகியை ஏற்றினாள். ஒவ்வொரு எண்ணிலும் புள்ளி வைத்து, குறடால் இழுத்து, எது கிழிகிறது, எது உரிகிறது என்று கிட் வந்த பெட்டியின் அட்டையில் எழுதினாள். இருநூற்றுப் பத்துக்கு நான்கு. இருநூற்று இரண்டுக்கு நாலரை. நூற்று எண்பத்தெட்டுக்கு ஆறு. இங்கே கரன்ட் களைத்துத்தான் வருகிறது. களைத்து வருகிறவரை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் போதும்.

நடுவில் ஒருமுறை குறடைக் கீழே வைக்கும்போது, வழக்கம்போல முந்தானையை மடித்து அதன்மேல் சத்தமில்லாமல் வைத்தாள். வைத்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் தூங்கவில்லை. குறடை எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து விட்டாள். டங்கென்று தரையில் விழுந்து, வெற்றுச் சுவர்களில் இரண்டுமுறை திரும்பிக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடைசிப் பட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலரை மணிக்குக் கடையில் நூலாம்படை ஃபேன் அதேபோல் அசைந்தாடியது. நாற்பது செத்த பேட்டரிகளும் இரண்டு அட்டைப்பெட்டியில் வாசலில் இருந்தன, கயிறு கட்டி. ஸ்பிரேயருக்கு இன்னும் விடிவு வராத பழனிசாமியும் இருந்தார்.

"வா தாயி, இன்னிக்கிப் பொட்டு வெக்க வந்துகினியா?"

"ஆமாங்க. நீங்க கலைச்சுப் பாருங்க."

முதலில் மீட்டரைச் சுவரில் செருகினாள். நூற்று எண்பத்தைந்து. அட்டையில் இல்லாத எண். ஒரு நொடி யோசித்து, ஆறுக்கு மேல் ஒரு மயிரிழை தள்ளினாள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிதித்தாள்.

டிக்.

செல்லோடு குறடையும் சேர்த்துப் பழனிசாமியிடம் நீட்டினாள். "நகத்தால வேணாங்க. இதால இழுங்க."

அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மாட்டைப் பிடித்து இழுக்கிறவர்போலக் காலை அகட்டி நின்றார். இழுத்தார். பட்டை நடுவில் கிழிந்து, அவர் ஒரு அடி பின்னால் போய் ஸ்பிரேயர் அடுக்கில் மோதினார். கையில் கிழிந்த பட்டை இருந்தது. அதில் கடுகளவு இரண்டு ஓட்டைகள். செல்லைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளும் அங்கேயே இருந்தன.

"இதுக்கு இன்னா போட்ட தாயி?"

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க. அவ்வளவுதான்."

"என்னுத மொதல்ல பண்ணு. பயிரு காஞ்சிகினு கீது" என்று ஸ்பிரேயரை அவள் பக்கம் நகர்த்தினார்.

சைபுல்லா கல்லாவைவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போய் அட்டைப்பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்தார். பண்ருட்டி வண்டிக்காரனுக்குப் போன் போட்டு, "லோடு இல்லப்பா, நீ போ" என்றார். பிறகு கடைக்குள் மூலையிலிருந்த மேசையில் கிடந்த குழாய்ச் சுருள்களையும் மூடிகளையும் அள்ளித் தரையில் போட்டு, துணியால் துடைத்தார்.

"இது போதுமா அக்கா?"

புஷ்பவல்லி மேசையின் முன் நின்று பார்த்தாள். பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிற மாதிரி போட்டிருந்தது.

"திருப்பிப் போட்டுரலாம் தம்பி. உட்கார்ந்தா எனக்கு ஃபேன் தெரியணும்."

சைபுல்லா துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு பக்கம் பிடித்தார், அவள் மறுபக்கம் பிடித்தாள். மேசைக் கால்கள் தரையில் கரகரவென்று தேய்ந்து, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டன.